செவலை முதலில் கூவியது

பவானிக்குக் காய்ச்சல் கண்டு ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. கொட்டகையில் முதல் சேவல் கூவியது.

உமாதேவி மகளின் நெற்றியில் கிடந்த துணியை எடுத்தாள். சற்று முன் நனைத்துப் போட்டது, அதற்குள் காய்ந்திருந்தது. குழந்தையின் மூச்சில் மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்டது. அதைக் கேட்டபடியே கொட்டகையின் பக்கமும் காதை வைத்திருந்தாள்.

முதலில் கூவியது செவலை. அதன் பிறகு இளஞ்சேவல்கள் இரண்டும். எல்லாம் ஓய்ந்த பிறகு கருப்பன் அரைக்குரலில் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

"கருப்பந்தேன் கடைசி," என்றாள்.

பாயின் மறுபக்கம் முனீஸ்வரி குழந்தையின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உமாதேவியின் கணவனுக்கு அக்கா. கல்யாணமாகி இரண்டாம் வருடமே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பிள்ளை கிடையாது. பவானி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் பக்கத்தில்தான் படுக்கிறது.

"சாவலு எப்பக் கூவுனா என்னத்தா. புள்ளையப் பாரு."

"ரெண்டு வருசமா அது கூவாம மத்தது கூவுனதில்ல மதினி."

"தைக் குளிரு. சாவலுக்கும் குளிரும்ல."

உமாதேவி துணியை மறுபடி நனைத்துப் போட்டாள். விலங்கியல் படித்தவள். ஆனாலும் எதையும் இரண்டாம் முறை சொல்லிப் பழக்கமில்லை. கூவுவதில் குளிருக்கு வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் எது மேலே இருக்கிறதோ அந்தச் சேவல் முதலில் கூவும். மற்றவை தத்தம் இடம் தெரிந்து அதன் பின்னால் கூவும். ஒரு வாரமாக அந்த வரிசை கலைந்து கிடந்தது.

கருப்பன், சாமிக்கு விட்ட சேவல். பவானி ஏழாம் மாதத்தில் பிறந்து, தேனி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது முனீஸ்வரி காவல்தெய்வம் சங்கிலிக்கருப்பனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்து வந்தால், வீட்டில் பொரித்த கருஞ்சேவலை, ஓர் இறகில்கூட வேறு நிறம் கலக்காததை, பிள்ளையோடு பிள்ளையாக வளர்த்து மூன்றாம் வருடம் மாசிச் சிவராத்திரிக்குக் கொண்டுவருவதாக. அந்த வருடம் அடைவைத்ததில் ஒரே ஒரு குஞ்சுதான் முழுக் கருப்பாக வந்தது. காலில் மஞ்சள் துணி கட்டி விட்டார்கள். அதை யாரும் கம்பெடுத்து விரட்ட மாட்டார்கள். சிவராத்திரி நெருங்கிவிட்டது.

விடிந்தது. ஒரு வாரமாகக் கொட்டகையைத் திறப்பதும் அடைப்பதும் முனீஸ்வரிதான், உமாதேவியை அவள் அந்தப் பக்கம் விடவில்லை. இன்று முனீஸ்வரி எழப் பார்த்தபோது குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிணுங்கியது.

"நான் தெறந்துவிட்டு வாரேன்," என்று உமாதேவி எழுந்தாள்.

"தீவனத்தப் போட்டுட்டு ஒடனே வந்துரு. அங்கன நின்டுக்கிட்டு இருக்காத."

காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே, தென்னந்தோப்புக்கும் திராட்சைப் பந்தலுக்கும் நடுவில் கொட்டகை இருந்தது. மலை முழுக்கப் பனிக்குள் கிடந்தது. கம்பிவலையில் துளித்துளியாக நீர் தொங்கியது. உமாதேவி கொட்டகைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். கணவனின் பழைய காக்கிச் சட்டை. யார் உள்ளே போனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், புதிய நிறத்தைக் கண்டால் கோழிகள் மிரண்டு ஒரே மூலையில் ஏறி அமுங்கிச் செத்துவிடும் என்பது முனீஸ்வரியின் சட்டம். வாசலில் கொட்டியிருந்த சுண்ணாம்புத் தூளில் காலை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நூற்றுச் சொச்சம் பெட்டைகள். எல்லாம் இதே கொட்டகையில் அடைகாத்துப் பொரித்தவை. முட்டையால் வருவதைவிடத் தோட்டத்துக்கு அவற்றால் ஆவதுதான் பெரிது. கவாத்து முடிந்ததும் பந்தலுக்கு அடியில் திறந்துவிட்டால் களையைக் கிளறிப் போடும், வண்டைப் பொறுக்கும், எருவும் போட்டுவிடும். ஆள் விட்டுக் களையெடுத்து நான்கு வருடம் ஆகிறது. இந்த வாரம் பந்தலுக்கு அடியில் கோரை சாண் உயரம் நின்றது. பாதிக் கோழிகள் வெளியே வரவே பயப்பட்டன. வந்தவை ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பெட்டியில் இட வேண்டிய முட்டைகளை வேலி ஓரத்தில் இட்டு, தாமே உடைத்துக் குடித்தன.

தவிடும் உடைத்த மக்காச்சோளமும் பிசைந்து, பாதியாக அறுத்த குழாயில் கொட்டினாள். கருப்பன் வலையின் மூலையில் நின்றது. முன்பெல்லாம் அதுதான் குழாயருகில் வந்து நின்று, கொக்கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிட்டுத் தின்னவிட்டு, கடைசியில் தான் தின்னும். இப்போது தயங்கித் தயங்கி வந்தது. கிட்டே வந்ததும் ஐந்தாறு பெட்டைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு பாய்ந்தன. அது தலையைத் தாழ்த்தியது. கொண்டையில் கொத்து விழுந்தது. கடைசியாக நொண்டிப் பெட்டை வந்தது. கூட்டத்தில் எல்லோரிடமும் கொத்து வாங்கும் கோழி அது. அதுவும் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து கருப்பனைக் கொத்தியது. கருப்பன் திருப்பிக் கொத்தாமல் மூலைக்கு ஓடியது.

உமாதேவி அதன் பின்னால் இரண்டடி வைத்தாள்.

தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைக்கழுத்துப் பெட்டை செத்துக் கிடந்தது. குச்சியால் புரட்டிப் பார்த்தாள். எங்கும் காயமில்லை. கொண்டை நாவல் பழம்போல் கறுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"மதினி, வெள்ளக்கழுத்து கெடக்கு."

"கொத்துப்பட்டா?"

"காயமே இல்ல. கொண்டை கறுத்துருக்கு. கருப்பனுக்கும் கறுத்துருக்கு. அது ரத்தங்கட்டுனதா, நோவான்னு தெரியல. எல்லாம் அதப் போட்டுக் கொத்துதுக. நொண்டி கூடக் கொத்துது. இப்பிடியே விட்டா கருப்பன் செத்து..."

முனீஸ்வரியின் கை அவள் வாயைப் பொத்தியது. வேகமாக வந்த கை. உதடு பல்லில் பட்டு வலித்தது.

"சொல்லாத. சாமிக்கு விட்டத அப்பிடிச் சொல்லக் கூடாது. அந்தப் பேச்சு நம்ம வாயில வந்துச்சுன்னா, எதுக்கு நேந்தமோ அதுக்கும் அதே கெதிதேன். வாயில வராத வரைக்கும் அவன் காவலுக்கு நிப்பான்."

கையை எடுத்துவிட்டு, அடித்துவிட்டது போல அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை கண்ணைத் திறந்தது. "அத்த, கருப்பனுக்குச் சோறு?"

"தின்டுச்சுடா தங்கம். நெறைய்யத் தின்டுச்சு."

"நாந்தான் ஊட்டுவேன்."

காய்ச்சல் காணும் வரை தினமும் குழந்தை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. எல்லாம் கருப்பனைக் கொத்துகின்றன என்று ஒரு கிண்ணத்தில் சோற்றை எடுத்துப் போய், சேவலை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டும். முதல் நாள் அழுதுகொண்டு ஓடி வந்தது. "கருப்பன் என்னைய மறந்துருச்சும்மா. கூப்புட்டா வரல." அன்று உமாதேவி சிரித்தாள்.

வாசல் படலுக்கு வெளியே இருமல் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து முத்துக்கருப்பன். எரு கேட்டு வந்திருந்தார், தோளில் காலிச் சாக்கு.

"ஏத்தா முனீசு! கோழியெல்லாம் சௌக்கியமா? கழிச்சுக் கட்டுறது ஏதும் இருந்தாச் சொல்லு, சட்டியோட வாரேன்."

அவர் எப்போதும் இப்படித்தான் வருவார். முனீஸ்வரியும் "ஒங்க மருமக கொழம்பு அம்புட்டு மோசமாவா இருக்கு மாமா" என்று திருப்பிக் கொடுப்பாள். இன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "புள்ளைக்குக் காச்ச மாமா" என்று மட்டும் சொன்னாள்.

"அடடா." அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாக நகர்ந்தது. "மலைக்கு அங்கிட்டு, கேரளாவுல, கோழிக்கெல்லாம் காச்சலாம்ல. கம்பமெட்டுச் செக்போஸ்ட்டுல வண்டி டயருக்கு மருந்து அடிக்காக, பாத்தேன். ஒரு வீட்டுக் கோழிக்குக் கண்டாப் போதுமாம், சுத்துப்பட்டுல இருக்கிற அம்புட்டையும் சாக்குல கட்டிக் கொண்டுபோயி எரிச்சுப்புடுறாகளாம். வாத்து, கோழி, ஒண்ணையும் விடலையாம்."

"மனுசருக்கும் ஒட்டும்னாகளா?" முனீஸ்வரி கேட்டாள்.

"அம்புட்டு லேசுல ஒட்டாதுன்டு டிவில சொன்னாக. ஒட்டுனா மோசமாம். சின்னப் புள்ளைகளக் கோழிகிட்ட விடாதீகன்னாக." பிறகு சமாதானமாகச் சிரித்தார். "ஒனக்கென்னத்தா பயம். கறி விருந்துக்கு வந்த சொந்தக்காரன் கொண்டாந்த கோழியவே படலுக்கு வெளியில வச்சு அறுத்துக் கொழம்பு வச்ச ஆளு நீ. இந்த ஜீப்புக்காரப் பயலுகதேன், ஏலக்காட்டுக்கு ஆள ஏத்திட்டுப் போறானுக, வாரப்ப சீட்டுக்கு அடியில சாக்குல போட்டுக் கொண்டாரானுகளாம். அங்கன பயந்துக்கிட்டுச் சும்மா குடுக்கிறாக, இங்கன பல்லக் காட்டிக்கிட்டு வாங்குறாக."

முனீஸ்வரி உள்ளே திரும்பிவிட்டாள்.

"என்ன, கோவிச்சுக்கிட்டாளா?" என்றார் முத்துக்கருப்பன்.

"ராத்திரியெல்லாம் தூங்கல பெரியய்யா. எரு அப்பறம் எடுத்துக்கங்க. இன்னைக்கு உள்ள வராதீக."

அவர் போன பிறகும் உமாதேவி படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனீஸ்வரி போன வாரம் ஒருநாள் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போனாள். ஐந்து வருடமாகப் போகாதவள். "திருவிழாச் செலவுக்கு ஆகும்ல" என்றாள். இருட்டும் நேரத்தில் திரும்பினாள், கையில் ஒரு சாக்கு. "ஏலத் தட்டை, அடுப்புக்கு" என்றாள். "கொட்டகைய நான் அடைச்சுக்கிறேன், நீ போயி புள்ளைக்குச் சோறு குடு" என்றாள். அடுப்புக்குத் தட்டை வரவே இல்லை.

மறுபடியும் காக்கிச் சட்டையைப் போட்டாள். மூக்கைச் சேலையால் கட்டிக்கொண்டாள். கருப்பன் பிடிபடச் சிரமமில்லை. மூலையில் தலையை வலைக்குள் செருகிக்கொண்டு நின்றது. இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். எடையே இல்லை. காலில் அதே மஞ்சள் துணி, மூன்று வருட அழுக்கோடு. இது கருப்பன்தான் என்று ஒரு கணம் நினைத்தாள்.

பிறகு முள்ளைப் பார்த்தாள்.

கருப்பனின் கால் முள் பெரிய மிளகாய் நீளம் இருக்கும். போன வருடம் அது பட்டு அவள் கணவன் உள்ளங்கையில் தையல் போட்டார்கள். இதன் காலில் இருந்தது சுண்டுவிரல் நகம் அளவு. இரண்டு காலிலும்.

கீழே விட்டாள். அது மூலைக்கே ஓடியது. கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவற்றுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. துணியைப் பார்த்து அவை ஏமாறவில்லை.

அவள் கணவன் ஈஸ்வரபாண்டி கம்பத்தில் திராட்சைப் பெட்டிகளை இறக்கிவிட்டு லோடு ஆட்டோவில் திரும்பியபோது குழந்தை இருமத் தொடங்கியிருந்தது. இருமி முடிக்கும்போது உதட்டோரம் நீலம் தெரிந்தது.

"என்னலே பாத்துக்கிட்டு நிக்கிற, வண்டியத் திருப்பு!" என்று முனீஸ்வரி கத்தினாள்.

"ரெண்டு பேரும் பின்னால ஏறுங்க. உமா, புள்ளையப் போத்து."

காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். குழந்தை முனீஸ்வரி மடியில், போர்வைக்குள். வண்டி தென்னைகளைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போனது. பனி விலகி மலை முழுதாக நின்றது.

"மதினி," என்றாள் உமாதேவி. வண்டிச் சத்தத்தில் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. "மதினி. அந்தச் சாவலுக்கு முள்ளு இம்புட்டுத்தேன் இருக்கு."

"ஒடஞ்சிருக்கும்."

"ரெண்டு காலுலயுமா?"

முனீஸ்வரி மலையைப் பார்த்தாள்.

"டாக்டரு கேப்பாக மதினி. வெளிக்கோழி வந்துச்சான்னு கேப்பாக."

"கேக்கட்டும்."

"நீங்க சொல்லணும்."

"நான் சொல்லிட்டா..." அவள் போர்வையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். "ஒனக்குத் தெரியாதுத்தா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு எலிக்குஞ்சாட்டம் கெடந்தா. நீ மயக்கத்துல கெடந்த. தாங்காதுன்டு நர்சு சொல்லுச்சு. நான் வெளிய வந்து அவன்கிட்டக் கேட்டேன். குடுத்தான். வாங்குனது நானு. ஒனக்குத் தெரியாது."

"தெரியாதுதேன். சொல்லுங்கன்னுதேன கேக்கேன்."

முனீஸ்வரி குழந்தையின் பக்கம் குனிந்தாள். அவள் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

கம்பம் ஆஸ்பத்திரியில் கூட்டம். குழந்தையின் மூச்சைப் பார்த்த நர்ஸ் வரிசையில் நிறுத்தாமல் உள்ளே அனுப்பினாள். டாக்டர் இளைஞர், முகக்கவசம் போட்டிருந்தார். விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். வெகு நேரம் கேட்டார்.

"வீட்ல கோழி வளக்குறீங்களா?"

"ஆமா சார், பண்ணையாட்டம்," என்றான் ஈஸ்வரபாண்டி.

"செத்துச்சா ஏதாவது?"

"ஒண்ணு ரெண்டு கொத்திக்கிட்டுச் சாகும் சார். அது எப்பவும் உள்ளதுதேன்."

"வெளியில இருந்து கோழி ஏதாவது வந்துச்சா? இந்தப் பத்துப் பதினஞ்சு நாளுக்குள்ள? கேரளாப் பக்கம் இருந்து?"

ஈஸ்வரபாண்டி சிரித்தேவிட்டான். "எங்கக்கா இருக்கிற வரைக்கும் வெளிக்கோழி படலுக்குள்ள கால் வைக்காது சார். ஊருக்கே தெரியும்."

டாக்டர் தலையசைத்தார். "அப்ப சாதாரண சளிக் காய்ச்சல் நெஞ்சுல எறங்கியிருக்கலாம். இங்கயே சேத்துக்கிறேன், ரெண்டு நாள் பாப்போம். கோழி வந்திருந்தா நான் வேற மாதிரிப் பாக்கணும். தொண்டையில சாம்பிள் எடுக்கணும், அந்தக் காய்ச்சலுக்கான மருந்த இன்னைக்கே ஆரம்பிக்கணும், ஒடனே தேனிக்கு அனுப்பணும். நாளைக்குத் தெரிஞ்சா லேட்டு."

அவர் எழுதத் தொடங்கினார். உமாதேவி முனீஸ்வரியைப் பார்த்தாள். முனீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருக்கு," என்றாள் உமாதேவி.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. டாக்டர் நிமிர்ந்தார்.

"வெளிச்சாவல் ஒண்ணு வந்துருக்கு சார். ஒரு வாரமா இருக்கு. பாப்பா அத மடியில வச்சு ஊட்டிக்கிட்டு இருந்தா."

"ஏய், என்ன ஒளறுற?" என்றான் ஈஸ்வரபாண்டி. "எந்தச் சாவல்?"

"நம்ம கருப்பன்னு நெனச்சுக்கிட்டு இருக்கமே, அது."

"எங்கிருந்து வந்துச்சு?" டாக்டர் கேட்டார். "அங்க வேற கோழி செத்துச்சா?"

"எனக்குத் தெரியாது சார்." அழுகை வந்துவிட்டது. "எனக்கு அதுக்கு மேல தெரியாது. மதினி..."

டாக்டரும் முனீஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"கம்பமெட்டுக்கு அங்கிட்டு," என்றாள் முனீஸ்வரி. தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஏலக்காட்டு லயத்துல, வேலையாளுக குடியிருக்கிற வீட்டுல. முழுக் கருப்பு அங்கதேன் கெடச்சுச்சு. காசு வேணாம், கொண்டுக்கிட்டுப் போன்னாக. அங்கன ரெண்டு கோழி முந்தின நாளுதேன் போயிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதேன் கொண்டாந்தேன்."

டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

"எதுக்குக்கா?" ஈஸ்வரபாண்டிக்கு இன்னும் புரியவில்லை. அவன் குரல் சின்னப் பையனுடையது போல இருந்தது. "நம்ம கருப்பன் இருக்கயில இன்னொண்ணு எதுக்கு?"

முனீஸ்வரி குழந்தையைத் தன் பக்கம் திருப்பினாள். அதன் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஒரு காது மார்பில் அழுந்தியிருந்தது. இன்னொரு காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். விரல்களுக்கு இடையில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"கீரி கடிச்சுருச்சுடா. நம்ம கருப்பன் செத்துப்போச்சு."